மொட்டை மாடியிலிருந்து அடுப்படி வரை: என் மொபைல் நெட் அனுபவம்

கணினியில் செருகி மொபைல் நெட் பிடிக்கும் சின்னக் கருவியான டாங்கிளை நான் முதலில் வாங்கியது 2011-இல். அட்டைப்பெட்டியில் 7.2 எம்பிபிஎஸ் என்று 3ஜி வேகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கிராமத்தில் கிடைத்ததோ அதைவிட மிக மெதுவான 2ஜி எட்ஜ் மட்டும்தான். ஜப்பானில் 2001-இலேயே 3ஜி வந்துவிட்டது. சென்னையில் 2009-இல் பி.எஸ்.என்.எல். தொடங்கிவிட்டது. நானோ ஒரு விண்ணப்பப் படிவத்தை இறக்குவதற்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் டவர் கிடைக்கும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் ஒரேயடியாக மாறியது விலைதான். அதுவரை 1 ஜிபிக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்து, மாதம் முழுக்க எண்ணி எண்ணிச் செலவழித்தேன். அடுத்த ஆண்டே ஒரு நாளைக்கு 1 ஜிபி என்பது சாதாரணமாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் முகத்தை அம்மா தினமும் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். எனக்கு இந்த வளர்ச்சியில் மிகப் பெரிய விஷயம் அதுதான்.

அப்புறம் வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். ராத்திரி 7 மணி ஆனால் போதும், சிக்னல் கோடு முழுதாக இருக்கும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். கோளாறு போனில் இல்லை. டவரின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு காட்டும். ஒரு டவரின் கொள்ளளவை அதில் இணைந்த எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். டவரிலிருந்து நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு மைக்ரோவேவா (கம்பியில்லா ரேடியோ அலை), ஃபைபரா (கண்ணாடி இழைக் கேபிள்) என்பதும் முக்கியம். எங்கள் டவருக்கு ஃபைபர் இழுத்த பிறகு அந்தத் தொல்லை பாதிக்குப் பாதி குறைந்தது. விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட வராதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபரில். எங்கள் ஊருக்கு ஓராண்டு கழித்து வந்தது. மாடியில் பறக்கிறது. அடுப்படிக்குள் போனால் 4ஜிக்கு இறங்கிவிடுகிறது. 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். 4ஜிக்குப் பயன்படும் 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் எளிதாக உள்ளே வரும். அதனால் அம்மா போனில் 4ஜியை மட்டும் வைத்திருக்கிறேன். பேட்டரியும் கூடுதலாக நிற்கிறது.

சிம் மாற்ற நினைப்பவர்கள், அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை ராத்திரி 8 மணிக்கு அழைத்து, உங்கள் அடுப்படியில் நின்று ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். வேகம் பார்க்கும் செயலியில் பதிவிறக்கத்தோடு நிறுத்தாமல் பதிவேற்றத்தையும் பாருங்கள். நம் முகம் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிவது அதில்தான் இருக்கிறது.