உடைந்த சைக்கிள் கம்பியும் மூன்று நிறச் சாவிகளும்

பின்சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்துவிட்டால் சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்று சொல்லும் கடைகள் பினாங்கில் உண்டு. பெரும்பாலும் அது தேவையில்லை. ஒரு கம்பி (ஸ்போக்), அதைச் சக்கர வளையமான ரிம்மோடு இணைத்து இறுக்கும் சிறு மரைக்கொட்டையான ஒரு நிப்பிள், அந்த நிப்பிளைத் திருப்பச் சரியாகப் பொருந்தும் ஒரு சாவி, இவ்வளவுதான் வேண்டும். முதல் இரண்டும் சில்லறைக் காசு. மூன்றாவதில் மிச்சம் பிடிக்கப்போய்த்தான் நல்ல சக்கரங்கள் கெட்டுப்போகின்றன. அதனால் இந்த விமர்சனம் சாவியைப் பற்றியது. பார்க் டூல் நிறுவனத்தின் கறுப்பு, பச்சை, சிவப்பு ஸ்போக் சாவிகள்.

இரும்புக் கடையிலும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் கிடைப்பது வட்டச் சாவி. சுற்றிலும் பல அளவு வெட்டுகள் இருக்கும். எல்லா நிப்பிளுக்கும் ஆகும் என்பார்கள், ஆனால் எதிலும் இறுக்கமாக உட்காராது. நிப்பிள் பித்தளை, சாவி இரும்பு. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் நிப்பிளின் நான்கு முனைகளும் மழுங்கிவிடும். மழுங்கிய நிப்பிளை அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது. கர்னி கடற்கரையிலும் பத்து ஃபெரிங்கி பக்கமும் தினமும் ஓடும் சைக்கிளுக்கு இது இன்னும் ஆபத்து. உப்புக்காற்றில் நாகப்பூச்சுக் கம்பியில் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு துரு ஏறும், நிப்பிள் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் திருப்ப வட்டச் சாவியைப் போட்டால் முனை போவது நிச்சயம்.

பார்க் டூல் சாவிகள் நிறத்துக்கு ஓர் அளவு. கறுப்பு 3.23 மில்லிமீட்டர், பச்சை 3.30, சிவப்பு 3.45. கறுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் 0.22 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் நிப்பிள்களுக்குக் கறுப்பு பொருந்தும். மலிவான ஆசியச் சைக்கிள்களில் சிவப்பு அடிக்கடி தேவைப்படும். எப்போதும் சிறியதிலிருந்து தொடங்குங்கள்: கறுப்பு நுழையவில்லை என்றால் பச்சை, அதுவும் நுழையவில்லை என்றால் சிவப்பு. பெரியது சுலபமாக நுழைகிறதே என்று அதையே வைத்துக்கொள்வதுதான் வழக்கமான தப்பு. ஒரே சைக்கிள் என்றால் மூன்றையும் வாங்க வேண்டாம், பொருந்தும் நிறம் ஒன்று போதும். வீட்டில் நாலு விதச் சைக்கிள் இருந்தால் மூன்று அளவும் ஒரே முக்கோணத் தகட்டில் உள்ள எஸ்.டபிள்யூ-7.2 நல்லது. துருப்பிடித்த நிப்பிளுக்கு நான்கு முனைகளையும் கவ்வும் எஸ்.டபிள்யூ-40 (3.23) அல்லது எஸ்.டபிள்யூ-42 (3.45) வாங்குவதே புத்திசாலித்தனம். குறை என்று சொன்னால், நிறச் சாவிகளின் பிடி சிறியது. 36 கம்பிச் சக்கரம் முழுவதையும் சரிசெய்தால் விரல் நுனி வலிக்கும். அதற்காக வட்டச் சாவிக்குப் போகக்கூடாது.

இனி வேலை. பெரும்பாலும் உடைவது பின்சக்கரத்தின் வலப்பக்கம், பல்சக்கர அடுக்கான கேசட்டுக்குப் பின்னால், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கம்பி வளையும் கழுத்தில். சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் பக்கத்துக் கம்பி தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. இறுக்கம் குறைவாக இருந்தால் கழுத்து ஹப் துளையில் அசைந்து அசைந்து களைத்துப்போய் உடையும். அதாவது கம்பி இறுக்கம் தாங்காமல் உடைவது அபூர்வம், தளர்ந்து உடைவதே அதிகம். நடுவில் உடைந்திருந்தால் செயின் கேசட்டுக்கும் கம்பிக்கும் இடையில் விழுந்து அறுத்திருக்கும். நிப்பிள் பக்கத்தில் உடைந்திருந்தால் துரு, அல்லது அளவு குறைந்த கம்பி. கழற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலப்பக்கக் கம்பிக்குக் கேசட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்குப் பல்சக்கரம் சுழலாமல் பிடிக்கும் செயின் விப், கேசட்டைப் பூட்டும் வளையத்தைக் கழற்றும் லாக்ரிங் கருவி, பெரிய ஸ்பேனர் வேண்டும். ஒற்றைப் பல்சக்கரம் திருகி மாட்டிய பழைய சைக்கிளில் ஃப்ரீவீல் கருவி வேண்டும், மிதித்து மிதித்து இறுகியிருப்பதால் நல்ல பலமும் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் சக்கரத்தைக் கடைக்குத் தூக்கிப்போவதில் தவறில்லை.

கம்பி வாங்கும்போது கடையில் மலாயில் 'லிடி' என்று கேட்டால் உடனே புரியும். உடைந்த துண்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதே பக்கத்து நல்ல கம்பி ஒன்றைக் கழற்றி, வளைவின் உள்விளிம்பிலிருந்து மரை முடியும்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். 2 மில்லிமீட்டர் நீளம் கூடினால் மரை முடிந்து நிப்பிள் இறுகாமல் நின்றுவிடும், முனை ரிம்மைத் தாண்டி ட்யூபையும் குத்தலாம். குறைந்தால் நிப்பிளின் தலை கழுத்தோடு முறியும். கம்பியின் முனை நிப்பிளின் திருப்புளி வெட்டுவரை வந்து நிற்பதுதான் சரியான அளவு. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பித்தளை நிப்பிள் கேளுங்கள். அலுமினிய நிப்பிள் உப்புக்காற்றில் அரித்துப்போகும்.

கோர்க்கும்போது அதே பக்கத்தில் அதே திசையில் சாய்ந்து போகும், அதே வகைக் கம்பியைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் குறுக்கே கடக்கும் மூன்று குறுக்குச் சக்கரத்தில், ரிம்மில் நாலாவது துளைக்கு ஒருமுறை அதே வகை திரும்ப வரும். ஹப்பை ஒட்டிய முதல் இரண்டு குறுக்கில் ஒரு பக்கமாகவும், மூன்றாவது குறுக்கில் அடுத்த கம்பியின் மறுபக்கமாகவும் போகும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய், நிப்பிள் ரிம்மில் உட்காரும் இடத்தில் இன்னொரு சொட்டு. இது இல்லாமல் இறுக்கினால் நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். நிப்பிளைச் சக்கரத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, ரிம்முக்கு வெளியே மேலிருந்து பாருங்கள். கடிகாரம் சுற்றும் திசை இறுக்கும். அதே நிப்பிள் கீழே இருக்க, ஹப்பின் மேலிருந்து குனிந்து பார்த்தால் திசை தலைகீழ். ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் நகர்வது சுமார் 0.45 மில்லிமீட்டர். ஆகவே பெண்டு (கோணல்) எடுக்கும்போது கால் சுற்று, முடிவில் அரைக்கால் சுற்று.

வலப்பக்கக் கம்பி உடைந்தால் ரிம் இடப்பக்கம் போயிருக்கும். புதுக் கம்பியை இறுக்கினாலே பாதி வழி திரும்பிவிடும். அதே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள், சத்தம் ஒத்துப்போகும்வரை இறுக்குங்கள். இடப்பக்கச் சத்தத்தோடு ஒப்பிடாதீர்கள், பின்சக்கரத்தில் அது எப்போதும் தாழ்ந்தே இருக்கும். பிறகு பிரேக் கட்டையை ரிம்முக்கு அருகே கொண்டுவந்து மெதுவாகச் சுற்றி, தொடும் இடத்தில் எதிர்ப்பக்கத்தை இறுக்கி, தொடும் பக்கத்தைத் தளர்த்த வேண்டும். அரை மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் ஃபிரேமில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் முனையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கம்பியில் ஒரு சிறு டேப்பைக் கொடிபோல ஒட்டிப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது கொடியும் திரும்பினால் கம்பி முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடத் திருப்பி, கொடி பழைய இடத்துக்கு வரும்வரை பின்னால் விடுங்கள். அப்படிச் செய்யாத சக்கரம் முதல் சவாரியில் டிங் டிங் என்று ஒலித்து மறுபடி கோணலாகும். முடிந்ததும் ஒவ்வொரு பக்கமும் இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைக் கையுறை போட்டுப் பலமாக அழுத்திப் பிழியுங்கள். கழுத்து ஹப்பில் படிந்து உட்காரும். அதன்பின் ஒருமுறை பெண்டு பார்க்க வேண்டும். கடையில் கொடுத்தாலும் இந்தக் கடைசி வேலையைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

சக்கரத்தை மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. நிப்பிள் துளையைச் சுற்றி விரிசல், பிரேக் பிடிக்கும் சுவர் குழிந்து தேய்ந்திருப்பது, எவ்வளவு இறுக்கினாலும் கோணல் போகாத ரிம், இவற்றுக்குச் சாவி மருந்தல்ல. ஒரு கம்பி மாற்றிய சில வாரங்களில் இன்னொன்று, பிறகு மற்றொன்று என்று கழுத்திலேயே உடைந்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே களைப்பில் இருக்கின்றன. ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் முழுச் செட்டையும் மாற்றிக் கோர்க்கச் சொல்லலாம். புதுச் சக்கரம் வாங்கினாலும் மலிவானவை இறுக்கம் குறைவாகவே வரும். முதல் நாளே சுண்டிப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் அதே கதைதான்.

தீவைச் சுற்றுகிறவர்களுக்கு ஒன்று: தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் ஏறி பாலிக் பூலாவ் போகும் வழியில் சைக்கிள் கடையை நம்ப முடியாது. சாவி பையில் இருக்கட்டும். வழியில் உடைந்தால் துண்டுக் கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டி, எதிர்ப்பக்கத்தில் அதன் இருபுறமும் உள்ள கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, பிரேக்கை ரிம்மில் உரசாத அளவுக்குத் திறந்துவிடுங்கள். பின்பிரேக் பிடிமானம் குறைந்திருக்கும், இறக்கத்தில் மெதுவாக வர வேண்டும். கேசட்டைக் கழற்றாமலே மாட்டக்கூடிய ஃபைபர்ஃபிக்ஸ் என்னும், கெவ்லார் நூலால் ஆன தற்காலிகக் கம்பி ஒன்று சாவியோடு இருந்தால் இன்னும் நல்லது. வீடு சேரும்வரை தாங்கும்.