பாம்பன் கரையில் ‘பாஸ்கா இரவு’: 400 ரூபாய்க்குத் தகுமா?

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து யூதர் உண்ணும் பாஸ்கா விருந்தை, இயேசு காலத்து முறையில் செய்துகாட்டும் நிகழ்ச்சி இது. தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிற்பகல் 3 முதல் இரவு 9 மணி வரை. ஆளுக்கு 400 ரூபாய், 20 பேருக்கு மேல் எடுப்பதில்லை. ஆதித் திருச்சபையின் யூத வேரைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி நடத்துகிறார்கள். முதல் சறுக்கல் கிழமையிலேயே இருக்கிறது. யூதருக்கு ஓய்வுநாள் சனி பொழுது சாயும்வரை நீளும், அதுவரை நெருப்பு மூட்டக்கூடாது. இவர்கள் 4 மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சியின் உயிர் முதல் ஒரு மணி நேரம்தான். கரைவலை இழுத்து முடிந்ததும் மடியைப் பிரித்து, மணலில் உட்கார வைத்து, மீனைத் தரம்பிரிக்கச் சொல்கிறார்கள். மத்தேயு 13:47-48இல் வருவதும் இதே வேலை: வலையைக் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை வெளியே எறிவது. ‘ஆகாதது’ என்றால் அழுகியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கே விளங்கும். லேவியர் 11ஆம் அதிகாரத்தின்படி யூதர் உண்ணும் மீனுக்குத் துடுப்பும் செதிலும் இரண்டும் வேண்டும். மடவை, விளமீன் கூடைக்குள். திருக்கை, கணவாய், நண்டு, இறால் வெளியே. கலிலேயக் கடல் நன்னீர் ஏரி. அங்கேயும் செதிலில்லாத கெளுத்தி உண்டு. வலை போட்டால் அதுவும் சேர்ந்தே வரும். ஏலக்கூடத்தில் நல்ல விலைக்குப் போகிற சரக்கைத் தள்ளிவைக்கும்போது நம் ஆட்களுக்குக் கை கூசுகிறது. அந்தக் கூச்சம்தான் பாடம்.

இவ்வளவையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவு இலையில் நண்டுக் குழம்பு ஊற்றுகிறார்கள்! உணவுத் தடை பற்றிய வாக்குவாதம், எல்லா விலங்கையும் உண்ணச் சொல்லி சீடர் பேதுரு யோப்பா ஊரில் கண்ட காட்சியை ஒட்டி, இயேசுவுக்குப் பிறகு கிளம்பியது. அவருடைய பந்தியில் நண்டுக்கு வேலையில்லை.

அப்பம் சுடுவது அடுத்த பிழை. பாஸ்கா அப்பத்தில் புளிப்பு கூடாது. 20 பேருக்கும் சேர்த்து மாவைப் பிசைந்து, சப்பாத்திக்குச் செய்வதுபோல் ஈரத்துணி மூடி அரைமணி ஊறவைக்கிறார்கள். யூதச் சட்டப்படி கோதுமை மாவில் தண்ணீர் பட்டு, பிசையாமல் 18 நிமிடம் கிடந்தாலே புளிப்பின் கணக்கில் சேர்ந்துவிடும். ஈஸ்ட் போடவில்லையே என்ற சமாதானம் எடுபடாது. தோசைமாவு தானாகப் பொங்குவதைப் பார்த்த ஊர்தானே இது. செய்யவேண்டியது இதுதான்: ஒரு தடவைக்கு 250 கிராம் கோதுமை மாவு, சுமார் 120 மில்லி தண்ணீர், உப்பு வேண்டாம். ஐந்து உருண்டை பிடித்து மெல்லிசாகத் தேய்த்து, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தி, முன்பே காய்ந்திருக்கும் இரண்டு கல்லில் போட்டெடுக்க வேண்டும். அடுத்த ஈடுக்கு முன் பலகை, குழவி, கை எல்லாம் கழுவித் துடைக்க வேண்டும். அரிசிமாவு உதவாது. பூசையில் வைக்கும் அப்பம் கோதுமையாகவும் புளிப்பில்லாமலும் இருக்கவேண்டும் என்று நம் கத்தோலிக்கச் சபை சொல்வதற்கு வேர் எங்கே என்று இந்த இடத்தில் காட்டியிருக்கலாம், விட்டுவிட்டார்கள்.

விருந்தில் வைக்கவேண்டிய கசப்புக்குப் பாகற்காய் வைத்தது தவறு. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வது கீரை வகைகளை. லெட்யூஸ் இலை ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். பேரீச்சையும் கொட்டைகளும் அரைத்த விழுது நன்றாக இருந்தது. திராட்சைச் சாறுதான் கஞ்சத்தனம். ஒரு கிண்ணத்துக்கு 86 மில்லி என்ற கணக்கில் பாஸ்கா முறைப்படி ஆளுக்கு நான்கு கிண்ணம், 20 பேர் என்றால் ஏறக்குறைய 7 லிட்டர் வேண்டும். மூன்றாம் கிண்ணத்திலேயே தண்ணீர் கலந்தாயிற்று.

கையில் கொடுக்கும் தாளை அப்படியே நம்பவேண்டாம். “இயேசு செய்த அதே முறை” என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு கிண்ண வரிசை நமக்குக் கிடைப்பது கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவில். இறைவாக்கினர் எலியாவுக்கென்று தனியே வைக்கும் கிண்ணம் அதற்கும் பல நூற்றாண்டு பிந்தியது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடியும்வரை விருந்தின் நடுவில் இருந்தது அங்கே பலியிட்ட ஆடு. இயேசுவின் கடைசி இரவு உணவு பாஸ்கா விருந்துதானா என்பதே தீராத வாதம்: மாற்கு ஆம் என்கிறார், யோவான் 19:14 சிலுவைத் தீர்ப்பையே பாஸ்காவுக்கு ஆயத்த நாளில் வைக்கிறது.

பாட்டுப் பகுதிக்குக் குறையில்லை. மாற்கு 14:26இல் பாடிவிட்டுப் புறப்பட்டார்கள் என்பதை 113 முதல் 118 வரையான திருப்பாடல்களோடு இணைத்து, ‘ஓசன்னா’ என்பது 118:25இன் “மீட்டருளும்” என்ற மன்றாட்டு என்று விளக்குகிறார்கள். குருத்து ஞாயிறன்று அதை வாழ்த்துக் கோஷமாகவே பாடிப் பழகியவர்கள் ஒரு நிமிடம் வாயடைத்துப் போவார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தால் யோவான் 13 சொல்லும் கடைசி விருந்து புரியாது. இடப்பக்கம் சாய்ந்து, வலக்கை உணவுக்கு நீட்டிப் படுத்தால்தான் பக்கத்துச் சீடர் எப்படி மார்பில் சாய்ந்தார் என்பது தெரியும். போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பனையோலைப் பாயும் தலையணையும் எடுத்துப் போங்கள். கேட்டால் தரையில் இடம் ஒதுக்கித் தருகிறார்கள்.