வடதுருவமா, தென்துருவமா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 5இல் படிக்கும் என் மகள் தமிழ் வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: ஏதேனும் ஒரு துருவப் பகுதி. வடக்கா, தெற்கா என்று ஒரு வாரமாக எங்கள் வீட்டில் வாதம் நடந்தது. அவள் வடக்கின் பக்கம், நான் தெற்கின் பக்கம்.

பனிக்கரடி வடக்கில் மட்டும், பென்குயின் தெற்கில் மட்டும். இது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடிப்படை வேறுபாடு வேறு. வடதுருவத்தில் நிலமே இல்லை. மிதக்கும் பனிக்கு அடியில் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழக் கடல். தென்துருவம் இருப்பதோ அண்டார்க்டிகா என்னும் கண்டத்தில். 1.4 கோடி சதுர கிலோமீட்டர் நிலம், அதன்மேல் சராசரியாக இரண்டு கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி. அடியில் கடல் இருப்பதால் வடக்கில் குளிர் ஓரளவு தணிகிறது. தெற்கில் அந்தத் தயவு இல்லை. அங்குள்ள வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரிதான் நிலத்தில் அளக்கப்பட்ட மிகக் கடுங்குளிர்.

இன்னொன்று என்னை அசரவே வைத்தது. அண்டார்க்டிகாவின் உட்பகுதி ஒரு பாலைவனம். ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாது. நமக்கு அது ஒரு மத்தியான மழை!

நான் தெற்கைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கடல்மட்டம். சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தேன். ஒன்றில் பனிக்கட்டிகளை மிதக்கவிட்டு விளிம்புவரை நீர் ஊற்றினேன். மற்றதில் விளிம்புவரை நீர் மட்டும். அதன்மேல் தேநீர் வடிகட்டி, வடிகட்டியில் பனிக்கட்டிகள். அரை மணி நேரத்தில் முதல் குவளையில் கட்டிகள் கரைந்தும் ஒரு சொட்டு வழியவில்லை. இரண்டாவது வழிந்து மேடையை நனைத்தது. மிதக்கும் ஆர்க்டிக் பனி முதல் குவளை; நிலத்தின்மேல் கிடக்கும் அண்டார்க்டிகா பனி இரண்டாவது. வடக்கிலும் கிரீன்லாந்துப் பனி நிலத்தின்மேல்தான் இருக்கிறது. அது முழுதும் உருகினால் கடல் 7 மீட்டர் உயரும். அண்டார்க்டிகா முழுதும் உருகினால் 58 மீட்டர். அத்தனை பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்த இழுப்பும் தளர்ந்து, நீர் தொலைவிலுள்ள கரைகளை நோக்கி நகரும். நாம் இருப்பது அந்தத் தொலைவில். சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கரையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா?

"அம்மா, வடக்கும் நமக்குச் சம்பந்தப்பட்டதுதான்" என்றாள் மகள். உண்மைதான். வடதுருவப் பகுதி நாடுகள் கூடிப் பேசும் ஆர்க்டிக் மன்றத்தில் 2013 முதல் சிங்கப்பூர் பார்வையாளர் நாடு. ரஷ்யாவுக்கு வடக்கே பனி விலகினால், யோகோஹாமாவிலிருந்து ராட்டர்டாம் செல்லும் கப்பலுக்கு மலாக்கா நீரிணை வழியைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தூரம் மிச்சமாகும். துறைமுகத்தை நம்பி வாழும் ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அவள் மனம் போனது ஸ்வால்பார்டுக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை சூரியன் எழாத நார்வேத் தீவுக்கூட்டம் அது. அங்கே மலையைக் குடைந்து 2008இல் ஒரு விதைப் பெட்டகம் திறந்தார்கள். மைனஸ் 18 டிகிரியில் உலகத்தின் பயிர்விதைகள் உறங்குகின்றன. சிரியாப் போரால் அலெப்போவின் விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போனபோது, 2015இல் அதன் ஆய்வாளர்கள் தாங்கள் சேமித்த விதைகளை இங்கிருந்து திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆய்வு நிலையம் அனுப்பிய கம்பும் சோளமும் துவரையும் அந்த மலைக்குள் இருக்கின்றன.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "கம்பா? அவ்வளவு தூரமா போயிருக்கிறது, கண்ணு?"

அத்தோடு வடக்குதான் என்று முடிவாகிவிட்டது. ஞாயிறு மாலை மூவரும் தேக்கா சந்தைக்குப் போய் கால் கிலோ கம்பு வாங்கிவந்தோம். அதில் ஒரு பிடியைச் சின்ன டப்பாவில் போட்டுப் பள்ளிப் பையில் வைத்திருக்கிறாள். இரண்டு குவளைகளையும் வடிகட்டியையும்கூட எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.