உலோகப் பிளேடா, காம்போசிட் பிளேடா: தன் நோயை எது முதலில் சொல்லும்?

"எந்தப் பிளேடு வலுவானது?" ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் எங்கள் ஹாங்கருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெட்டியைப் பிரித்த அன்று எல்லாப் பிளேடும் வலுவானதுதான். பத்து வருடம் மழையிலும் மணலிலும் சுற்றிய பிறகு உள்ளே ஏதோ கெட ஆரம்பிக்கும்போது, உடைவதற்கு முன் அது எனக்குத் தெரியவருமா? பராமரிப்பு வேலையில் இருக்கிறவன் என்பதால் நான் இதை வைத்துத்தான் பிளேடுகளை எடைபோடுகிறேன்.

ஒரு பிளேடு படும் பாட்டை முதலில் பார்த்துவிடலாம். ஹியூயி என்று எல்லோரும் அழைக்கும் யூஹெச்-1எச் ஹெலிகாப்டரில், மேலே பிளேடுகள் சுழலும் ரோட்டரின் விட்டம் 14.63 மீட்டர். நிமிடத்துக்கு 324 சுற்று. நுனியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 248 மீட்டர் வருகிறது. அந்த நுனியில் ஒரு கிராம் பெயின்ட் அதிகமாகப் படிந்திருந்தால், சுழலும்போது அது 850 கிராமுக்கு மேல் வெளியே இழுக்கும். இந்த இழுப்பு போதாதென்று, ஹெலிகாப்டர் முன்னோக்கிப் பறக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரு பக்கம் கூடுதல் காற்றையும் மறுபக்கம் குறைவான காற்றையும் சந்திக்கிறது. சுற்றுக்கு ஒருமுறையாவது வளைந்து நிமிர்கிறது. 1,000 மணி நேரம் பறந்தால் அது 1.94 கோடி முறை. கம்பியை முன்னும் பின்னுமாக மடக்கி உடைத்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். பிளேடின் ஆயுள் முழுவதும் அந்த மடக்கல்தான் நடக்கிறது.

மரப் பிளேடுகளை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1946-இல் சான்றிதழ் பெற்ற பெல் 47 ஹெலிகாப்டர் முதலில் மரப் பிளேடோடுதான் பறந்தது. இப்படி வளைந்து நிமிர்வதை மரம் நன்றாகவே தாங்கும். ஈரத்தைத்தான் தாங்காது. ஒரு பிளேடு நனைந்து இன்னொன்று காய்ந்திருந்தால் சமநிலை போய்விடும். ஒன்று பழுதானால் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆனாலும் மரத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. 1991-இல் முதலில் பறந்த கே-மேக்ஸ் என்ற சுமைதூக்கி ஹெலிகாப்டரின் பிளேடுக்குள் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த ஸ்பார், அதாவது நீளவாக்கில் ஓடிச் சுமையைத் தாங்கும் முதுகெலும்பு, இருக்கிறது.

உலோகப் பிளேடில் முன்விளிம்பை ஒட்டி ஒரு ஸ்பார் ஓடும். பெரும்பாலும் அலுமினியம், சிலவற்றில் எஃகு. அதன் பின்னால் மெல்லிய தகடு, தகடுக்குள் தேன்கூடு போன்ற நிரப்பு. இவற்றைச் சேர்த்துப் பிடிப்பது பிசின். பெயர்தான் உலோகப் பிளேடு, உயிர் அதன் ஒட்டு வரியில் இருக்கிறது. ஆர்22, ஆர்44 என்ற சிறு ஹெலிகாப்டர் ரகங்களில் நுனியருகே பெயின்ட் தேய்ந்து, தகடும் ஸ்பாரும் சேரும் கோடு வெளியே தெரிய ஆரம்பித்தது. காற்றும் மழையும் அந்தக் கோட்டைக் கிளப்பி, தகடு உரியத் தொடங்கியது. 2007-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கென்றே சோதனை உத்தரவு போட்டது. ஒரு கை பெயின்ட் அழகுக்காக மட்டும் பூசப்படுவதில்லை என்று புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சங்கடம் உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்தே விரிசல் விடுவது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. சுமை அதற்குக் கீழேயே இருந்தால் நடைமுறையில் அது விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு தளம் இல்லை, எவ்வளவு சிறிய சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆகவே உலோகப் பிளேடுக்கு மணிக்கணக்கில் ஆயுள் எழுதி வைத்திருப்பார்கள். அந்த மணி முடிந்த அன்று, பளபளவென்று புதிது மாதிரி இருந்தாலும் கழற்றி, யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி வெட்டிப் போட வேண்டும். மனசுக்குக் கஷ்டமான வேலை. ஆனால் இந்தக் கண்டிப்பில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: முடிவு யாருடைய கண்ணையும் காதையும் நம்பி இல்லை.

சிகோர்ஸ்கி என்ற ஹெலிகாப்டர் நிறுவனம் இதிலும் ஒரு படி மேலே போனது. ஸ்பாரின் உட்குழிவில் நைட்ரஜனை அடைத்து, வேர்ப்பகுதியில் அழுத்தம் காட்டும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். ஸ்பாரின் சுவரை விரிசல் துளைத்தால் வாயு கசியும், கருவியில் நிறம் மாறும். பறப்பதற்கு முன் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். பிளேடு தானே வாய்திறந்து சொல்லும் ஏற்பாடு இது. இதைவிட நேர்மையான பாதுகாப்பு முறையை நான் பார்த்ததில்லை.

அடுத்து காம்போசிட், அதாவது இழைகளைப் பிசினோடு சேர்த்து இறுகச் செய்த பொருள். 1967 பிப்ரவரி 16-இல் பறந்த பிஓ 105 ஹெலிகாப்டர், கண்ணாடி இழைப் பிளேடுகளோடு கீல்களே இல்லாத ரோட்டரைக் கொண்டுவந்தது. இழைக் கற்றைகள் நுனியிலிருந்து நீளவாக்கில் வந்து, போல்ட் நுழையும் வளையத்தைச் சுற்றித் திரும்பி, மீண்டும் நுனியை நோக்கிப் போகும். ஆணியில் நூலைச் சுற்றித் திருப்புவது மாதிரி. இழுப்பைத் தாங்குவது இந்தக் கற்றை. முறுக்கலைத் தாங்க 45 பாகைச் சாய்வில் துணி அடுக்குகள். எல்லாவற்றையும் இரண்டு பாதி அச்சுக்குள் வைத்து மூடி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக விடுவார்கள். அச்சு எந்த வடிவமோ பிளேடு அந்த வடிவம். 1986-இல் மணிக்கு 400.87 கிலோமீட்டர் வேகம் தொட்ட லிங்ஸ் ஹெலிகாப்டரின் துடுப்பு போன்ற பிளேடு நுனியை நீள அலுமினியக் குழலில் வடிப்பது மிகவும் கடினம்.

காம்போசிட்டின் பெரிய குணம், அது கெடும் விதம். இழைகள் தனித்தனியாக அறுகின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு விரிசல் எளிதில் தாவாது. பிளேடு மெல்ல இளகும், அதிர்வு கூடும், எல்லாப் பிளேடும் ஒரே தளத்தில் சுற்றுகிறதா என்று டிராக் பார்க்கும்போது ஒரு பிளேடு மட்டும் வரிசை தப்பும். இதனால் பல ரகங்களுக்கு நிலைமையைப் பொறுத்துத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதி கிடைக்கிறது. சிறு சேதங்களைச் சீவி, புது அடுக்குகளை ஒட்டிச் சரிசெய்யவும் முடியும்.

குறை என்று பார்த்தால், கையிலிருந்து நழுவிய ஸ்பானர் பட்ட இடம். உலோகத்தில் பள்ளம் விழும். காம்போசிட்டில் மேலே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கருவி நழுவியதாக ஒருவர் வந்து சொன்னால் எங்கள் ஹாங்கரில் அவரைத் திட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். திட்டினால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

உள்ளே பிரிந்த இடத்தைக் கண்டுபிடிக்க நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிப் பார்ப்போம். நல்ல இடம் "டிக், டிக்" என்று பதில் சொல்லும். பிரிந்த இடம் "தொப்" என்று அமுங்கும். உலோகத் தகட்டில் வித்தியாசம் பளிச்சென்று கேட்கும். காம்போசிட்டில் அடுக்குகளின் தடிமன் மாறும் இடமெல்லாம் ஓசையும் மாறுவதால் காது ஏமாறும். ஒருமுறை பின்விளிம்பை ஒட்டிக் கட்டைவிரல் நக அளவில் ஓர் இடம் சந்தேகமாகப் பட்டது, மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டோம். மறுநாள் விடியற்காலை, கம்ப்ரஸர் சத்தம் இல்லாத நேரத்தில் மறுபடி தட்டினோம். வட்டம் மூன்று விரல் அகலமானது. சேதம் வளரவில்லை, முந்தின நாள் கேட்காதது அன்று கேட்டது, அவ்வளவுதான்.

மழையும் மணலும் பிளேடைத் தேய்க்கும் அரிமானத்தில் கணக்கு வேறு மாதிரி. முன்விளிம்பில் டைட்டானியம், நிக்கல் கவசம் இருந்தால் மழையைத் தாங்கும், மணல் அரித்துவிடும். பாலியூரித்தேன் நாடா மணலை நன்றாகத் தாங்கும், மழையில் சீக்கிரம் கிழியும். உலோகப் பிளேடானாலும் காம்போசிட்டானாலும் இந்தத் தேர்வு பறக்கும் இடத்தைப் பொறுத்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரண்டும் கலந்த பிளேடு. எஸ்-76 ஹெலிகாப்டரில் டைட்டானியம் ஸ்பார், மேலே காம்போசிட் தோல். 2002 ஜூலை 16-இல் வடகடலில் அந்த ரக ஹெலிகாப்டர் ஒன்று பிளேடு முறிந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். அந்தப் பிளேடை 1999-இல் மின்னல் தாக்கியிருந்தது. தயாரிப்பாளரிடம் போய்ச் சரிபார்க்கப்பட்டு மீண்டும் பறப்புக்கு வந்தது. முன்விளிம்புக் கவசத்தின் இணைப்பருகே, தோலுக்கு அடியில், ஸ்பாரில் மின்பொறி விட்ட நுண்ணிய வடு யார் கண்ணிலும் படவில்லை. சோர்வு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியது. உலோகத்தின் விரிசல் குணமும், காம்போசிட்டின் மறைக்கும் குணமும் ஒரே இடத்தில் சேர்ந்த பிளேடு அது.

என் தேர்வு இதுதான். வருடம் முழுக்க ஓயாமல் பறக்கும் ஹெலிகாப்டருக்குக் காம்போசிட், ஆனால் ஒலியலையால் உள்ளே சோதிக்கும் அல்ட்ராசோனிக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத, குறைவாகப் பறக்கும் சிறு பயிற்சி ஹெலிகாப்டருக்கு உலோகம் போதும். மணி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ஒட்டு வரியில் பெயின்ட் தேயவிடாதீர்கள். கலப்புப் பிளேடு ஏற்கெனவே கையில் இருந்தால், மின்னல் பட்ட வரலாறு பதிவேட்டில் உண்டா என்று முதல் பக்கத்திலிருந்து தேடுங்கள். இருந்தால், சரிபார்த்தாயிற்று என்ற முத்திரை பக்கத்திலேயே இருந்தாலும், நான் அந்தப் பிளேடை மாட்ட மாட்டேன்.