மைக்ரோ பிட்எக்ஸ் டிரான்சீவர்: ஹாம் மன்றங்களுக்கான ஒரு மதிப்புரை

ஊர் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றோரின் பொழுதுபோக்கு வானொலி) மன்றம் ஒன்று உறுப்பினர்களின் சந்தாப் பணத்தில் சிற்றலைக் கருவி வாங்க முற்படும்போது கூட்டத்தில் இரண்டு அணிகள் உருவாவது வழக்கம். ஜப்பானிய நிறுவனங்களின் 100 வாட் கருவி ஒன்றை வாங்கிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பார்கள் ஒரு சாரார். அந்தத் தொகையைப் போட்டுவிட்டால் புதிய உறுப்பினர் எவரையும் அதன் அருகில் விடமாட்டீர்களே என்பார்கள் மற்றவர்கள். இரண்டாவது சாராரின் கையில் பெரும்பாலும் இருக்கும் பெயர் மைக்ரோ பிட்எக்ஸ். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், ஹாம் உலகில் வியூ2ஈஎஸ்இ என்ற அழைப்புக்குறிக்கு உரியவர், வடிவமைத்து எச்எஃப் சிக்னல்ஸ் நிறுவனத்தின் வழியே 2017 இறுதியில் வெளியிட்ட டிரான்சீவர், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி, இது. தனியொருவர் தம் வீட்டில் வைக்கும் ஒரே கருவியாக இதை வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும் என்பதும், ஒரு மன்றத்தின் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை இந்த விலை வட்டத்தில் காண்பது கடினம் என்பதும் என் கருத்து. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இக்கருவி தன் உள்ளுறுப்பு எதையும் மறைப்பதில்லை, தன் குறைகளையும் சேர்த்து.

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் வடிவமைப்பின் போக்கு அங்கிருந்துதான் வருகிறது. இந்தியக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே ஒருவர் தம் கையால் கட்டக்கூடிய ஒற்றைப் பக்கப்பட்டைக் (குரல் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) கருவியாக, 14 மெகாஹெர்ட்சுக்கென உருவானது முதல் பிட்எக்ஸ். கம்பிச் சுருள்களைச் சுற்றத் தண்ணீர்க் குழாயின் வாஷரைக்கூடப் பயன்படுத்தலாம் என்ற அளவுக்கு அது சிக்கனமானது. அனுப்பும்போதும் கேட்கும்போதும் அதே வடிகட்டியும், இரு அலைகளைக் கலந்து புதிய அதிர்வெண்ணைத் தரும் அதே மிக்சரும் இரு திசையிலும் வேலை செய்யும் என்பது அதன் சிறப்பு. 2016-இல் 7 மெகாஹெர்ட்சுக்கு மட்டுமான பிட்எக்ஸ்40 ஆயத்தப் பலகையாகவே வந்தது; சுருள்கள் சுற்றும் வேலையை ஐதராபாத்தின் மகளிர் குழுவினர் கையால் செய்து கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியே 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் உள்ளடக்கும் மைக்ரோ பிட்எக்ஸ்.

இதன் மின்சுற்றைத் தாளில் வரைந்து காட்டும்போதுதான் மன்றத்துக்கு இது ஏன் தேவை என்பது விளங்கும். உரிமத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் எவரும் சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியின் (வரும் அலையை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பிரித்தெடுக்கும் ஏற்பி) கட்டப்படத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்; ஆனால் அந்தக் கட்டங்கள் உண்மையான பலகையில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் விழிக்கிறார். இங்கே கட்டங்கள் வரிசையாகக் கண்முன் இருக்கின்றன. ஆண்டெனாவிலிருந்து வரும் 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையுடன் கருவிக்குள்ளேயே அலையை உண்டாக்கும் 52.1 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் கலக்க, 45 மெகாஹெர்ட்ஸ் முதல் இடைநிலை அதிர்வெண் பிறக்கிறது. பின்னர் வேறொரு ஆசிலேட்டருடன் கலந்து, ஆரம்பப் பதிப்புகளில் 12 மெகாஹெர்ட்சாகவும் ஐந்தாம் பதிப்பிலிருந்து 11.059 மெகாஹெர்ட்சாகவும் இறங்கி, படிக வடிகட்டிக்குள் நுழைகிறது. மேல் பக்கப்பட்டையா கீழ்ப் பக்கப்பட்டையா என்பதைத் தீர்மானிப்பதும் இந்த இரண்டாவது ஆசிலேட்டரே. ஐந்தாம் பதிப்பிலிருந்து, அது 34 மெகாஹெர்ட்சை ஒட்டி நிற்கிறதா, 56 மெகாஹெர்ட்சை ஒட்டி நிற்கிறதா என்பதைப் பொறுத்து பக்கப்பட்டை மாறிவிடுகிறது. ஆசிலேட்டர்கள் மூன்றையும் எஸ்ஐ5351 என்ற ஒரே சில்லு உண்டாக்க, அதை ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணிப்பலகை இயக்குகிறது.

முதல் இடைநிலையை ஏன் 45 மெகாஹெர்ட்ஸ் என்று அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பிப் பாருங்கள். 52.1 உடன் 45 வேறுபாடு தரக்கூடிய அதிர்வெண்கள் இரண்டு: ஒன்று நாம் விரும்பும் 7.1, மற்றது 97.1 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது நம் ஊர்களில் எஃப்எம் பாட்டு ஒலிக்கும் இடம்! அதைத் தடுக்க ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி வடிகட்டி வேண்டியதில்லை. 30 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்டதை வெட்டும் ஒரே வடிகட்டியை வாசலில் வைத்தால் போதும். இப்படி வேண்டாமல் நுழையும் பிம்ப அதிர்வெண் என்பதைப் பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கங்களைவிட இந்த ஒரு கணக்கு நன்றாக விளக்கிவிடுகிறது. எங்கள் மன்றத்தின் தேர்வு வகுப்புகளில் மூடியைத் திறந்த நிலையிலேயே இக்கருவியை மேசையில் வைக்கிறோம். துல்லியமான நேரத்தை ஒலிபரப்பும் சீனாவின் பிபிஎம் காலக்குறி நிலையத்தை 10 மெகாஹெர்ட்சில் கேட்டு, அதை ஒப்பிட்டு அதிர்வெண்ணைச் சரிசெய்வதே மாணவர்களின் முதல் பயிற்சி. அளவீட்டுக்கான வசதி கருவியின் மெனுவிலேயே இருப்பதால் வேறு உபகரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆறாம் பதிப்பில் தொடுதிரை வந்தது, 2.8 அங்குலத் திரையில் அதிர்வெண்ணும் அலைவரிசைகளும் தெளிவாகத் தெரிகின்றன. இணைப்பிகள் பெரும்பாலும் பலகையிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், முந்தைய பதிப்புகளில் இருந்த கம்பி பற்றவைக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. இதை முன்னேற்றம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மன்றத்தின் கண்ணோட்டத்தில் எனக்குச் சிறு வருத்தமும் உண்டு: சாலிடரிங் இரும்பைப் பிடித்துப் பழக இது ஒரு நல்ல வாய்ப்பாக இருந்தது.

இனி காற்றில் இதன் செயல்பாடு. 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஏறக்குறைய 10 வாட் தருகிறது. மேலே போகப் போகத் திறன் குறைந்து 28 மெகாஹெர்ட்சில் சில வாட்டுகளே மிஞ்சும். 10 வாட்டா என்று முகம் சுளிப்போர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 10 டெசிபல். எதிர்முனை ஏற்பியில் அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு அளவு 6 டெசிபல் என்பதால், முள் இறங்குவது இரண்டு அளவுகூட இல்லை. காலை வேளையில் 7 மெகாஹெர்ட்சில், சுமார் 20 மீட்டர் நீளமுள்ள டைபோல் கம்பியை நடுவில் உயர்த்தி இருபுறமும் சரித்துக் கட்டிவிட்டால், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் நிலையங்களோடு தயக்கமின்றி உரையாடலாம். வெயில் ஏறி, அலைகளை உறிஞ்சும் அயனி மண்டலத்தின் டி அடுக்கு தடிக்கும்போது சிறு திறன் கருவிகள்தான் முதலில் மங்கும் என்பதும் உண்மை. நெட், அதாவது ஹாம்கள் காற்றில் கூடும் உரையாடல், தாமதமாகத் தொடங்கும் நாட்களில் இதன் குரல் இரைச்சலுக்குள் போய்விடுகிறது. ஆகவே மன்றம் பணத்தைச் செலவிட வேண்டியது முதலில் ஆண்டெனாவிலும் நல்ல கோஆக்ஸ் கேபிளிலும்தான். கருவியின் விலையில் மிச்சப்படுவதை ஆண்டெனாக் கம்பத்தில் போடலாம்.

ஏற்பி எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறது. வாசலில் பெருக்கி வைக்காமல் டயோடு மிக்சருக்கு நேரே அலையைக் கொண்டுபோவதால் பலமான நிலையங்கள் அருகில் இருந்தாலும் குழப்பம் குறைவு. பின்னணி இரைச்சலும் காதை உறுத்துவதில்லை. ஆனால் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு இல்லை. மெலிந்த குரலொன்றைப் பிடிக்க ஒலியைக் கூட்டிவைத்திருக்கும் நேரத்தில் அடுத்த தெரு நண்பர் பேசத் தொடங்கினால், ஹெட்ஃபோன் அணிந்தவர் துள்ளி எழுவார். எஸ் மீட்டரும் இல்லை. இரண்டையும் சிறு துணைப் பலகைகளால் சேர்த்துக்கொள்ளலாம்; உலகெங்கும் உள்ள ஹாம்கள் அவற்றுக்கான வரைபடங்களை வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டில் தனியே இருக்கும் புதியவருக்கு இது தலைவலி. மன்றத்திற்கோ ஒரு மாதத்துக்கான செயல்திட்டம்.

டிரான்ஸ்மிட்டர் பகுதியில் எனக்குப் பிடித்தது இறுதிக் கட்டம். இரண்டு ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக இயங்குகின்றன. இவை வானொலிக்காகப் பிறந்தவை அல்ல; மின்சாரத்தை நிறுத்தி விடுவிக்கும் வேலைக்கான மலிவுச் சரக்கு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆண்டெனா இணைக்காமல் பேசும் பிழையைப் புதியவர் எவரும் ஒருநாள் செய்யத்தான் போகிறார்; விலையுயர்ந்த கருவியில் அது பெருஞ்செலவு, இதில் சிறு செலவும் ஒரு மாலைப் பொழுதும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இந்த டிரான்சிஸ்டர்களின் உலோக முதுகில் மின்னழுத்தம் இருக்கும், அதனோடு இணைந்த ஹீட் சிங்கிலும் இருக்கும். திறந்த பெட்டியில் பயிற்சி நடத்தும்போது அவை ஒன்றையொன்றும் பெட்டியையும் தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியோடு இணைக்க யூஎஸ்பி வழி இருக்கிறது. கட்டுப்பாட்டு மொழியாக ஜப்பானின் யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-817 கருவியின் மொழியையே பின்பற்றுவதால் பெரும்பாலான மென்பொருள்கள் இதை அடையாளம் கண்டுகொள்கின்றன. கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 முறைக்கு 10 வாட் தாராளம். ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் கம்பியை மட்டும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அம்முறையில் ஒவ்வொரு முறையும் 12 விநாடிக்கு மேல் இடைவிடாமல் அலை வெளியேறுவதால் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். திறனைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதே அறிவு. மோர்ஸ் பழகுவோருக்குச் சாவி இணைப்பும் புள்ளி, கோடுகளைத் தானே உருவாக்கும் உள்ளிணைந்த கீயரும் உண்டு. எஃப்எம் கிடையாது, எனவே மன்றத்தின் ரிப்பீட்டருக்குக் (அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையம்) கைக்கருவியைத்தான் எடுக்க வேண்டும்.

ஆகஸ்டில் வரும் சர்வதேசக் கலங்கரை விளக்க வார இறுதிக்கும், அக்டோபரில் சாரணர்களுக்காக நடக்கும் ஜாம்போரி ஆன் தி ஏர் நிகழ்வுக்கும் மன்றத்தினர் வெளியே கிளம்பும்போது இதன் எடை குறைவாக இருப்பது பெரிய வசதி. 12 வோல்ட் பேட்டரி ஒன்று, கம்பி, மீன்பிடி தூண்டில் கம்பு, கருவி. பைக்கின் பின்னிருக்கையில் எல்லாம் அடங்கிவிடும். சாரணச் சிறுவர்கள் நடுவே இதை வைத்தால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களே கேட்கிறார்கள். மூடிய கறுப்புப் பெட்டிகளைப் பார்த்து அந்தக் கேள்வி எழுந்து நான் கண்டதில்லை.

புதிதாக வாங்குவோர் இதே வடிவமைப்பாளரின் எஸ்பிட்எக்ஸ் கருவியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பை கணினியை மையமாகக் கொண்ட அதில் திறன் கூடுதல், வசதிகளும் மிகுதி. ஆனால் அங்கே வடிகட்டியும் பண்பேற்றமும் மென்பொருளுக்குள் நடக்கின்றன; ஆய்வுக் கம்பியை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டும் வகுப்புக்கு அது ஏற்றதன்று.

ஹாம்களிடையே கைமாறி வரும் மைக்ரோ பிட்எக்ஸ்களை வாங்குவோர் பதிப்பு எண்ணைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். மூன்றாம், நான்காம் பதிப்புகளில், ரிலேக்களைச் சுற்றி அலை கசிவதால் ஹார்மோனிக்குகள் (அனுப்பும் அதிர்வெண்ணின் மடங்குகளில் தோன்றும் வேண்டாத அலைகள்) அனுமதித்த அளவைத் தாண்டி வெளியேறுவது 2018-இல் பலரது அளவீடுகளில் வெளிப்பட்டது. மேல் அலைவரிசைகளில் வேறொரு தொல்லையும் உண்டு: 28 மெகாஹெர்ட்சில் பேசினால் 45-இலிருந்து அதைக் கழித்த 17 மெகாஹெர்ட்சிலும் ஒரு நிழல் அலை தோன்றும். தாழ்நிலை வடிகட்டியால் அதைத் தடுக்க முடியாது. ஐந்தாம் பதிப்பில் பலகையை மாற்றியமைத்து இவற்றைச் சீர்செய்தார்கள். தொடுதிரை இருந்தால் பெரும்பாலும் ஆறாம் பதிப்பு. இரண்டு வரி எழுத்துத் திரை இருந்தால் அது மூன்றிலிருந்து ஐந்துக்குள் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், மூடியைத் திறந்து பலகையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துவிடுங்கள். பழைய பதிப்புதான் கிடைக்கிறது என்றால், ஒரு அலைவரிசைக்கு மட்டுமான வெளி வடிகட்டியைச் சேர்த்து 7 மெகாஹெர்ட்சுக்கென்றே ஒதுக்கிவிடலாம். அந்த வடிகட்டியைச் சுற்றும் வேலையை அடுத்த வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள்.