ஒரே பெயரில் இரு இசைக்கலைஞர்கள்: பிக்கார்ட் மென்பொருளுடன் என் அனுபவம்

டி. ஆர். மகாலிங்கம் என்று தேடினால், திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மேதை மாலியின் ஆலாபனைகளும், சோழவந்தானை அடுத்த தென்கரையிலிருந்து வந்த பாடகர்-நடிகரின் 'செந்தமிழ் தேன்மொழியாள்' பாடலும் ஒரே பட்டியலில் கலந்து நிற்பதைப் பழைய இசையை விரும்பும் பலரும் பார்த்திருப்பார்கள். முன்னெழுத்துகள்கூட ஒன்றாகவே அமைந்துவிட்டதால், பெயரை மட்டும் நம்பும் எந்தச் செயலியாலும் இவ்விருவரையும் பிரிக்க இயலாது. இந்தக் காரணத்திற்காகவே பாடல் கோப்புகளில் கலைஞர், பாடல் விவரங்களை எழுதி ஒழுங்குபடுத்தும் 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட்' என்னும் இலவச மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இதன் அடித்தளம், ராபர்ட் கே 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய, தன்னார்வலர்கள் தொகுக்கும் 'மியூசிக்பிரெய்ன்ஸ்' என்னும் இசைத் தரவுத்தளம். அங்கே ஒவ்வொரு கலைஞருக்கும் 36 குறிகள் கொண்ட தனி அடையாள எண் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தால், அவர் யார் என்பதைச் சொல்லும் சிறு விளக்கத்தையும் பக்கத்தில் சேர்க்கலாம். மதுரை மணி ஐயர் பாடகர், பாலக்காடு மணி ஐயர் மிருதங்க வித்வான் என்று நம் கச்சேரி மரபில் ஊர்ப்பெயர் செய்துவந்த பணியே இது. 1950களின் இறுதியில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் பியானோ வாசித்தவரும், 1980களில் அதே டேவிஸுடன் சாக்சபோன் வாசித்தவரும் பில் எவன்ஸ் என்ற பெயருடையவர்களே என்பதால், ஜாஸ் கேட்பவர்களுக்கும் இது மிகவும் தேவைப்படுகிறது.

ஆனால், பிக்கார்டை நிறுவியவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அடையாள எண் பாடல் கோப்பினுள் எழுதப்பட்டாலும், கோப்புறையின் பெயர் இயல்பாகக் கலைஞரின் பெயரிலிருந்தே உருவாவதால், இரு மகாலிங்கங்களும் மீண்டும் ஒரே கோப்புறையில்தான் சேர்வார்கள். கோப்புப் பெயரிடும் விதியில், இந்த அடையாள எண் வந்தால் 'மாலி (புல்லாங்குழல்)' என்ற கோப்புறையில் வை என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்த பிறகே என் சேமிப்பு தெளிவடைந்தது. அந்த ஒரு வரியை எழுதுவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், பயனோ நிலையானது.

பாடல்களின் விஷயத்தில் இந்தத் தரவுத்தளத்தின் அமைப்பை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன், ஏனெனில் படைப்பு வேறு, ஒலிப்பதிவு வேறு என்று அது பிரித்து வைக்கிறது. 1970-இல் 'சொர்க்கம்' படத்திற்காக எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 'பொன்மகள் வந்தாள்', 2007-இல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் ஏ. ஆர். ரகுமானின் கைவண்ணத்தில் மறுவடிவம் பெற்றது. இவை ஒரே வேரிலிருந்து வந்த இரு பதிவுகள். லயோனல் ரிச்சி 1984-இலும் அடேல் 2015-இலும் வெளியிட்ட 'ஹலோ' பாடல்களோ, பெயரைத் தவிர வேறெந்த உறவும் இல்லாத இரு படைப்புகள்.

கோப்பில் பெயரே இல்லாதபோது, 'அக்கவுஸ்ட்ஐடி' வசதி ஒலியின் தொடக்கப் பகுதியைக் கைரேகைபோல் ஆராய்ந்து பதிவை அடையாளம் காண்கிறது. எவரும் தரவுத்தளத்தில் சேர்க்காத பழைய கச்சேரிப் பதிவுகளுக்கு இது உதவாது. அவற்றை நாமே கேட்டு, விவரம் எழுதி, இயன்றால் தரவுத்தளத்திலும் சேர்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் முழுச் சேமிப்பையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் இசைத்தொகுப்பை மட்டும் எடுத்து, பரிந்துரைக்கப்படும் கலைஞரின் விளக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகே சேமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.