ஜேசன் (JSON) என்ற தரவு வடிவம்: இலைக் கணக்கை சர்வருக்கு அனுப்ப ஒரு வருடம் பயன்படுத்திய அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஏஜென்டிடம் கணக்கு பார்க்கிறேன். எந்தத் தேதியில் யார் எத்தனை கிலோ கொழுந்து போட்டார்கள் என்பதை மாத முடிவில் பிரவுசரில் ஒரே பக்கத்தில் அடித்துச் சேமிப்போம். பக்கம் நான் எழுதியது, சர்வரில் அதை வாங்கிக்கொள்வது பிஎச்பி (PHP) என்ற நிரல்மொழி.

32 விவசாயிகள் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. போன ஜூலையில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். 33-வது ஆளின் கணக்கு 7-ம் தேதியோடு நின்றுவிட்டது. 34-வது ஒரு அம்மா. அவருக்கு ஒரு கிலோகூட ஏறவில்லை. எடைச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து, "தம்பி, மழையில நனைஞ்சு பறிச்ச இலை, எங்கே போச்சு?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

நாளுக்கு ஒன்றாக ஆளுக்கு 31 கட்டம், மாதத்தின் பெயருக்கு ஒன்று, ஆக 34 பேருக்கு 1055. பிஎச்பியின் இயல்பு அமைப்பில் ஒரு ஃபார்மிலிருந்து 1000 கட்டம்தான் உள்ளே போகும். மிச்சம் விழுந்துவிடும், லாக்கில் ஓர் எச்சரிக்கை பதிவாகும், அவ்வளவுதான். அந்த வரம்பைக் கூட்டலாம். ஆனால் காலிக் கட்டங்களையும் சேர்த்து அனுப்புவதே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் ஜேசனுக்கு மாறினேன். ஆளுக்கு ஒரு பட்டியல், இலை போட்ட நாள் மட்டும் அதில். எல்லாம் சேர்ந்து ஒரே எழுத்துச் சரமாக, பிரவுசரின் ஃபெட்ச் (fetch) என்ற அனுப்பும் வசதி வழியாகப் போகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2006-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே ஜேசன் வசதி பிஎச்பியோடு சேர்ந்து வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இப்படி அனுப்பினால் ஃபார்மில் வந்ததை பிஎச்பி வழக்கமாக வைக்கும் போஸ்ட் ($_POST) மாறியில் எதுவும் இருக்காது. சர்வருக்கு வந்த மூலத் தரவை, அதாவது இன்புட் ஸ்ட்ரீமை (php://input), நேராகப் படித்து டிகோட் செய்ய, அதாவது ஜேசனைப் பிரித்தெடுக்க, வேண்டும்.

குறை என்றால் இரண்டு. கட்டத்தில் அடித்த 42.5 எண்ணாகப் போகாது, எழுத்தாகத்தான் போகும். எண்ணாக மாற்றுவது நம் வேலை. சர்வர் 500 (உள்ளே கோளாறு) என்று பிழை சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. பதிலின் நிலையை நாமே பார்க்க வேண்டும். அதற்காக அரை மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நாலரை தருகிறேன்.

இப்போது சர்வர், தனக்கு வந்த கிலோக்களைக் கூட்டித் திருப்பி அனுப்புகிறது. அந்த மொத்தமும் பக்கத்தில் உள்ள மொத்தமும் ஒத்துப்போனால்தான் 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வரும்.